நிதானி அமுக்கிய சிறகு

மலையடிவாரக் காட்டில் ஆம்பல் குளம் என்று ஒரு குளம். தவளை, ஆமை, தாழைக்கோழி, கரையோரத்தில் அரணை என்று பலரும் அங்கே குடும்பம் குட்டியோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் காவல், கோரைப்புல்லுக்குள் வளை தோண்டியிருந்த கீரிக்கூட்டம்.

இந்தக் கீரிகளிடம் ஒரு வேடிக்கை உண்டு. எதிரி முழுசாக எதிரே வந்து நின்று பல்லிளித்தாலும் அவற்றுக்கு அடையாளம் தெரியாது! நரியே வந்து, "சௌக்கியமா?" என்று கேட்டால், "இருக்கோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். எதிரியின் உடம்பிலிருந்து ஒரு செதிலோ மயிரோ இறகோ பிய்த்துக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே காட்டவேண்டும். அதையும் கண்டவர்கள் காட்டினால் செல்லாது. குளத்துப் பறவையான செம்போத்து தன் அலகில் வைத்துக் காட்டினால்தான் கீரியின் கண்ணில் படும்.

அதிலும் ஒரு கீரிக்கு ஒரு துணுக்குதான். நரிமயிர் தெரிந்த கீரிக்குப் பருந்தின் இறகு தெரியாது. பருந்தின் இறகு தெரிந்ததற்குப் பாம்பின் செதில் தெரியாது. தனக்கு உரியதைப் பார்த்துவிட்டால் மட்டும் முதுகு மயிர் குத்திட்டு நிற்கும்.

அப்போதும் உடனே பாயக்கூடாது. துணுக்கைக் காட்டிய செம்போத்து, "இது ஆபத்துதான்" என்பதற்கு அடையாளமாக இரண்டு சிறகையும் படபடவென்று அடிக்கவேண்டும். சிறகடித்தால் பாய்ச்சல். அடிக்காவிட்டால், மயிர் குத்திட்டு நின்ற கீரி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். இது அந்தக் குளத்துக் கட்டுப்பாடு. செம்போத்துக்கோ கண்ணில் பட்ட குப்பை கூளம் அத்தனையையும் பொறுக்கி வந்து காட்டும் பழக்கம் உள்ளது. அது காட்டியதற்கெல்லாம் பாய்ந்தால் குளம் என்ன ஆவது?

குட்டிக் கீரிகளைக் காவலுக்கு எடுக்கும் முன் ஆமைகள் ஒரு சோதனை வைக்கும். குளத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் தன் உடம்பிலிருந்து ஒரு துணுக்கைக் கொண்டுவந்து மருதமரப் பொந்தில் வைக்கவேண்டும். குட்டிகளை உள்ளே விட்டு, செம்போத்தைக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டச் செய்வார்கள். சொந்தக் குளத்தாரின் துணுக்கைக் கண்டு கடிக்கப் பாய்கிற குட்டியை, "நீ நமக்கு ஆகமாட்டே" என்று மலைக்கு அந்தப்பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

நிதானி என்ற பெண்கீரி மட்டும் அந்தப் பொந்தில் ஒரு மாதிரி நடந்துகொண்டாள். தாழைக்கோழியின் இறகைப் பார்த்து மெல்ல உறுமினாள். ஆனால் கடிக்கவில்லை. உறுமியதற்கு வெட்கப்பட்டவள் போல அந்த இறகை நக்கிக் கொடுத்தாள்.

"நம்ம ஆளுங்களைப் பார்த்தா இவளுக்கு உள்ளுக்குள்ள ஒரு பதைப்பு இருக்கு, ஆனா கடிக்காம அடக்கவும் தெரியுது. இவ இருக்கட்டும்!" என்றன ஆமைகள். அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள். சண்டை முடிந்ததும், "போதும்!" என்று சொல்லவேண்டும்.

மற்றக் கீரிகளுக்கு இது பெரிய சிரிப்பாக இருந்தது. "பாயத் தெரியாதவளுக்கு இது ஒரு உத்தியோகம்! 'போதும்'னு சொல்றதுக்கு ஒரு கீரி வேணுமா? வயிறு ரொம்பினா நாங்களே சொல்லிக்குவோம்!" என்று துடியன் என்ற கீரி கேலி செய்தான்.  கேலிக்குப் பதில் சொல்வது நிதானியின் வேலை இல்லை.

ஒரு மழைக்காலத்தில் கண்ணாடி விரியன்கள் கூட்டமாகக் கோரைப்புல்லுக்குள் புகுந்துவிட்டன. தாழைக்கோழியின் குஞ்சு ஒன்று காணாமல் போனது. மறுநாள் இன்னொன்றும் போனது. தாய்க்கோழி கரையில் விழுந்து கதறினாள். கீரிகளோ விரியனுக்குப் பக்கத்திலேயே வெயில் காய்ந்துகொண்டிருந்தன!

செங்கண்ணி என்ற செம்போத்து பார்த்தாள். பின்னாலேயே பதுங்கிப் போய் ஒரு விரியனின் வாலில் கொத்தி, ஒரு செதிலைப் பிய்த்துக்கொண்டு பறந்து வந்தாள்.

"இது தெரியுதா பாரு!" என்று முதல் கீரியிடம் காட்டினாள்.

"என்னது, காஞ்ச இலையா?"

"உனக்குத் தெரியுதா?" என்று அடுத்ததிடம் கேட்டாள்.

"தூங்க விடு தாயி!"

அவள் சலிக்கவில்லை. வளை வளையாகப் போய்க் காட்டினாள். கடைசியில் துடியனிடம் வந்தாள். செதிலைப் பார்த்ததுதான் தாமதம், அவன் முதுகு மயிர் முள்ளாக நின்றது!

"யாருடா அது! எங்கே அவன்! பாயட்டுமா அக்கா?"

"பாய்!" என்று செங்கண்ணி சிறகைப் படபடவென்று அடித்தாள்.

அவ்வளவுதான்! துடியன் ஒரு குரல் கொடுத்தான். அதே செதில் தெரிந்த அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் அவர்களுடைய பிள்ளைகளுமாக ஒரு படையே திரண்டது. சண்டைக்காரர்கள் சோர்ந்துவிடக் கூடாதே என்று தவளைகள் கரையில் நண்டு குவித்து வைத்தன. தின்றார்கள், பாய்ந்தார்கள். மறுபடி தின்றார்கள், மறுபடி பாய்ந்தார்கள். செத்த விரியன் போக மிச்ச விரியன்கள் உயிர் தப்பினால் போதும் என்று காட்டுக்குள் ஓடின.

"துடியன் வாழ்க!" என்று குளமே கூவியது. மிஞ்சிய குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு தாழைக்கோழி கண்ணீர் விட்டாள். "நீ நல்லா இருக்கணும் ராசா!" என்று வாய் நிறைய வாழ்த்தினாள். அந்த வாழ்த்துக்கு அவன் தகுதியானவன்தான், சந்தேகமில்லை.

அப்போது நிதானி எழுந்து வந்தாள். "போதும்! விரியன் போயாச்சு. எல்லாரும் கலைஞ்சு போங்க."

"வந்துட்டாய்யா உத்தியோகக்காரி! இன்னும் எங்கெங்க ஒளிஞ்சிருக்கானோ! ரத்தம் கொதிக்குது, நண்டு குவிஞ்சு கிடக்கு, இப்பப் போயி கலையறதா?" என்றான் துடியன்.

படை கலையவில்லை. புல் அசைந்தால் உறுமியது. இலை விழுந்தால் பல்லைக் காட்டியது. தவளைகள் கத்தவே பயந்து வாயை மூடிக்கொண்டன. குஞ்சுகள் தண்ணீருக்கு இறங்கவில்லை. விரியன் இருந்தபோது குளத்தில் இருந்த பயம், விரியன் போன பிறகும் போகவில்லை.

செங்கண்ணியும் நிதானத்தில் இல்லை. சண்டைக் கூச்சலைக் கேட்டுக் கேட்டு அவள் சிறகு தானாகவே அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் படபடப்போடு வழக்கம்போலக் குப்பையைக் கிளறினாள். மருதமரத்து வேரடியில் பளபளவென்று ஏதோ கிடந்தது. அலகில் எடுத்துத் துடியனிடம் காட்டினாள்.

அது மினுக்கி என்ற அரணை உரித்துப் போட்ட தோல்! மினுக்கியின் செதிலும் விரியன் செதிலும் கொஞ்சம் ஒரே ஜாடை. துடியனின் மயிர் குத்திட்டு நின்றது. செங்கண்ணியின் சிறகும் அடித்துக்கொண்டிருந்தது. வேறென்ன வேண்டும்?

"விரியன் குட்டி! வேருக்குள்ள ஒளிஞ்சிருக்கு! வாங்கடா!"

படை மருதமரத்தடிக்குப் பாய்ந்தது. வளைக்குள் மினுக்கி தன் குட்டிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணே, அண்ணே! நான் விரியன் இல்லை! நான் வந்து... நான் யாரு? ஐயோ, பயத்தில அதுவும் மறந்துபோச்சே!"

"பார்த்தியா, பேரைக்கூட மறைக்கிறா!" என்று துடியன் வளைக்குள் காலை விட்டு மண்ணைப் பறித்தான். உள்ளே குட்டி ஒன்று வீறிட்டது.

அந்தச் சத்தம் நிதானியின் காதில் விழுந்தது. அவளுக்கு உள்ளுக்குள் பதைத்தது. ஆனால் அவள் துடியனிடம் ஓடவில்லை. அவனோடு மல்லுக்கட்டினால் அவளையும் சேர்த்துக் கடித்துப் போடுவான் என்று அவளுக்குத் தெரியும். அவள் நேரே செங்கண்ணியிடம் ஓடினாள். ஒரே தாவில் அவள்மேல் விழுந்து, இரண்டு சிறகையும் தன் முன்னங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்றே? விடு!" என்றாள் செங்கண்ணி.

"விடமாட்டேன் அக்கா. செதிலைக் காட்டு, வேண்டாங்கலை. சிறகை மட்டும் அடிக்காதே!"

துடியன் கடைசிப் பாய்ச்சலுக்கு முன் வழக்கப்படி செம்போத்தைத் திரும்பிப் பார்த்தான். அலகில் செதில் இருந்தது. சிறகு அடிக்கவில்லை. அவனுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதானே! ஒரு கால் வளைக்குள் இருக்க, அப்படியே உட்கார்ந்தான். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

செங்கண்ணியின் மூச்சு மெல்லத் தணிந்தது. அது தெரிந்ததும் நிதானி பிடியை விட்டாள். அடுத்து அவள் போனது நண்டுக் குவியலுக்கு! குந்திக்கொண்டு மளமளவென்று தின்ன ஆரம்பித்தாள். தன் பிள்ளைகளையும் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் குவியல் இருந்த இடத்தில் ஓடுதான் கிடந்தது.

"அடிப்பாவி! அது சண்டைக்காரங்க சோறு!" என்று துடியன் கத்தினான்.

"சண்டைதான் இல்லையே, சோறு எதுக்கு?" என்றாள் நிதானி, வாயைத் துடைத்துக்கொண்டு.

பசி வந்ததும் படைக்குக் கொதிப்பு அடங்கிவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டு போனார்கள். விரியனை மறக்காத சிலர் மட்டும் கரையில் தங்கினார்கள். துடியனும் தங்கினான்.

வளைக்குள்ளிருந்து மினுக்கி மெல்லத் தலையை நீட்டினாள். பின்னால் குட்டிகளின் தலைகள் தெரிந்தன. துடியன் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தான். அவன் குட்டியாக இருந்தபோது அவனோடு மணலில் புரண்டு விளையாடிய மினுக்கி அல்லவா இது! வளைக்குள் விட்டிருந்த காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"உன்னையா நான்... மினுக்கி, உன் தோலைப் பொந்தில நான் பார்த்ததே இல்லையே!" என்றான்.

மினுக்கிக்குத் திடீரென்று நினைவு வந்தது. "அட! ஆமைத் தாத்தா அன்னைக்கே ஒரு துணுக்கு கொண்டுவரச் சொன்னாரு. எடுத்துட்டுக் கிளம்பினேன். வழியில எதுக்குக் கிளம்பினோம்னு மறந்துட்டுத் திரும்பிட்டேன்!"

யாரைக் கோபிப்பது? அரணை புத்தி! மினுக்கி மறந்தாள், ஆமைகள் கவனிக்கவில்லை, பொந்தில் சோதனை நடந்தும் அந்த ஓட்டை வழியாகத் துடியன் காவலுக்கு வந்துவிட்டான். எவ்வளவு நல்ல சோதனையிலும் இப்படி ஒன்றிரண்டு தப்பிவிடும். அதற்காகத்தான் நிதானி.

துடியன் அவள் முன்னால் வந்து தலையைத் தாழ்த்தினான். "விரியன் தின்னதைவிட அதிகமா நான் தின்னிருப்பேன். நீ என்னைக் காப்பாத்தினே நிதானி. உன்னைக் கேலி பண்ணின வாய் இது."

"நீ பாயலேன்னா இன்னைக்குக் காப்பாத்தறதுக்கு இங்கே யாரு மிஞ்சியிருப்பாங்க?" என்றாள் நிதானி.

அடுத்த மழைக்காலத்தில் விரியன்கள் மறுபடி எட்டிப் பார்த்தன. இம்முறை செங்கண்ணி வளை வளையாக அலையவில்லை. செதிலைக் காட்டிச் சிறகடித்த உடனே, கரையில் தங்கியிருந்தவர்கள் பாய்ந்தார்கள். ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை. நிதானி "போதும்!" என்றாள், உடனே கலைந்தார்கள். முதலில் எழுந்தவன் துடியன்தான்.

மினுக்கியோ எல்லாவற்றையும் மறந்தாள். தன் பெயரைக்கூடச் சில நாள் மறந்தாள். ஆனால் காலையில் எழுந்ததும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நிதானியின் வளைக்கு வந்து, "அக்கா, உன்னால இதுங்க உசிரோட இருக்கு" என்று சொல்வதை மட்டும் மறக்கவில்லை. சொன்னது மறந்துபோய் மத்தியானமும் ஒருமுறை வந்து சொல்வாள். நிதானி அப்போதும் புதிதாகக் கேட்பவள் போலக் கேட்டுக்கொள்வாள்.

அந்தக் குளத்தைத் தேடி நீங்கள் காட்டுக்குப் போகவேண்டாம். அது உங்கள் சட்டைக்குள்ளேயே இருக்கிறது. விரியன்கள், நோய்க்கிருமிகள். அவற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் என்று டாக்டர்கள் சொல்வது இந்தக் கீரிகளைத்தான். கிருமியின் துணுக்கை அவற்றுக்குக் காட்டும் இன்னொரு வகை அணு, செம்போத்து. மருதமரப் பொந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சின்னச் சுரப்பி. போன முறை காய்ச்சல் கொதித்து ஒரு காலையில் வியர்த்து விட்டுப்போனதே, அன்றைக்கு மருந்து கொடுத்தவருக்கும் கஞ்சி வைத்தவருக்கும் நன்றி சொன்னீர்கள். உள்ளே துடியனும் பாய்ந்திருப்பான், நிதானியும் ஒரு சிறகை அமுக்கியிருப்பாள். மினுக்கியைப் போல அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பகையை அடையாளம் கண்டு பாய்கிறவரால் உயிர் தப்புகிறது, அந்தப் பாய்ச்சலை வேளையறிந்து நிறுத்துகிறவரால் வீடு மிஞ்சுகிறது. நம் நன்றி இருவருக்கும் உரியது.