மருந்தறைகளுக்கு நடுவே மண் அணை

ஒரு பாளையத்துக் கோட்டையில் வெடிமருந்து வைக்க இரண்டு அறைகள் இருந்தன. ஒன்று வெடித்தால் பக்கத்து அறையும் போய்விடும். நடுவே தடுப்பு எழுப்பும் பொறுப்பைப் பாளையக்காரர் பூவாயியிடம் கொடுத்தார். அவளுக்கு முப்பது வயதுதான். மண்வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

கல்தச்சர் சிற்றம்பலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. சீடரானார். அந்த இடத்தில் அவர் ஏற்கெனவே கருங்கல் சுவர் ஒன்று கட்டி வைத்திருந்தார்.

பூவாயி சுவரை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"இதைப் பிரிச்சிடுங்க அண்ணே. மண்ணைக் குவிப்போம்."

"மண்ணா? ஆடு ஏறினாலே சரியுமே தாயி. இந்த அறையில என் வீட்டுக்காரி மருந்து சலிக்கிறா. கூடப் பத்துப் பேரு. மண்ணை நம்பியா அவங்களை விடச் சொல்றீங்க?"

பூவாயி அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னமெங்கும் பொடிப்பொடியாகத் தழும்புகள்.

"இதெல்லாம் எப்படி வந்துச்சு?"

"கல்லு தெறிச்சதுதான். உளி பிடிக்கிறவனுக்குத் தெறிக்காமலா இருக்கும்?"

"ஒரு உளிக்கே இவ்வளவுன்னா, வெடிமருந்துக்கு?" என்றாள் பூவாயி.

சிற்றம்பலம் கன்னத்தைத் தடவியபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் முதல் கல்லை அவரே பெயர்த்தார்.

அடி அகன்று, மேலே ஒடுங்கி, மண் அணை எழுந்தது. எல்லாம் சலித்த மண். ஒரு கூழாங்கல் கிடந்தாலும் பூவாயி பொறுக்கி எறிவாள். கோட்டைப் படையை நடத்தும் தளவாய் வந்து பார்த்தார்.

"வரப்பு நல்லாத்தான் இருக்கு. நாத்து எப்ப நடப்போறீங்க?"

சிற்றம்பலம் குனிந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதம், உச்சிவெயில். ஆளில்லாத அறை வெடித்தது. கோட்டையே குலுங்கியது.

"வெள்ளையம்மா! வெள்ளையம்மா!"

பெண்டாட்டி பெயரைக் கத்திக்கொண்டே சிற்றம்பலம் ஓடினார். புகைக்குள் யாரோ தும்மினார்கள். பிறகு இன்னொரு தும்மல். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எண்ணினார். பத்து. பதினொன்றாவது ஆள் வெள்ளையம்மா. தலையோடு கால் ஒரே மண்.

"கத்தாதீங்க. காது ஏற்கெனவே கொய்யுன்னு இருக்கு."

அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

தளவாய் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"என்ன இது, பாதி அணையைக் காணோம்?"

பூவாயி வெள்ளையம்மாவின் கூந்தலை உதறிக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் இருக்கு ஐயா. சீயக்காய் போட்டு அலசினா வந்துடும்."