தகரத்தின் மேல் வைத்த கை

"ஆத்தா, என்ற காவல்காரனோட வாயைக் கட்டிப்போடலாங்கறாங்க. பயமா இருக்குதுங்க."

செங்கோடன் இவ்வளவு சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மடத்தை நடத்தும் மயிலாத்தாவுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. தன்னைவிட இளையவளை ஆத்தா என்று கூப்பிட அவர் கூசியதில்லை. காட்டோரத்து மடத்துக்கு அவர் ஞானம் கேட்டு வந்தவர், வயதுக் கணக்குப் பார்க்க வந்தவர் அல்ல.

"எந்தக் காவல்காரனுங்க?" என்றாள் மயிலாத்தா.

"நெஞ்சுக்குள்ள இருக்கறவன்."

ஆறு வருடமாக அவருக்குக் கடுமையான ஆஸ்துமா. இன்ஹேலரும் மாத்திரையும் இருந்தும் இரண்டு முறை சாவின் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார். நேற்று டவுன் டாக்டர் புதிதாக ஓர் ஊசி சொல்லியிருந்தார்.

"தூசி பட்டா மூச்சுக்குழாய்த் தோலு சேதி அனுப்புதாம். சைட்டோகைன்னு பேருங்க. அதக் கேட்டு ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்களெல்லாம் ஓடி வருதாம். வந்ததுக அதுக பங்குக்கு இன்னும் சேதி அனுப்புதாம். கடைசியில எல்லாஞ் சேந்து வீங்கி, சளி கட்டி, குழாயே அடைச்சுக்குது. இந்த ஊசி மொத சேதியவே புடிச்சு நிறுத்திப்போடுமாம்."

"நல்லதுதானுங்களே?"

"நெசமாவே ஒரு கிருமி வந்துச்சுன்னா யாருங்க சேதி சொல்லுவா? எங்கப்பன் எப்படிச் செத்தார்னு உங்களுக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். பரண் மேல் நின்று தகரம் தட்டி யானை வரவை அறிவிக்க வேண்டிய காவல்காரன் கண்ணயர்ந்த ஒரு சாயங்காலம், தகரச் சத்தமே இல்லாமல் யானை சோளக்காட்டுக்குள் இறங்கியது. செங்கோடனின் அப்பா அங்கே களை வெட்டிக்கொண்டிருந்தார்.

மயிலாத்தா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.

அவர் குடித்து முடிக்கவில்லை. வடக்குப் பரணில் தகரம் ஒலித்தது.

அந்த ஊரில் தகரம் கேட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பரணில் அடித்தால் அடுத்த பரணிலும் அடிக்க வேண்டும்; முதலில் அடித்தது நின்றால்தான் மற்றவையும் நிற்கும். ஏழு பரணும் அடிக்கத் தொடங்கினால் ஆட்கள் ஓடி வந்து, காட்டிலிருந்து இறங்கும் ஒற்றைத் தடத்தை முள் வெட்டிப் போட்டு அடைப்பார்கள். பக்கத்திலேயே மிளகாய் வற்றலையும் காய்ந்த சாணியையும் கொளுத்துவார்கள். மடத்திலிருந்து ரோட்டுக்குப் போகவும் அந்தத் தடத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

புகை முதலில் மடத்துக்குத்தான் வந்தது.

செங்கோடன் இருமினார். இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தார், மூன்றாவது முறையும் இழுத்தார். காற்று தொண்டையோடு நின்றுவிட்டது. இந்த முறை திரும்பி வரமாட்டோம் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

மடத்துச் சீடர்கள் இருவர் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மயிலாத்தா கூடவே ஓடினாள்.

தடத்தில் முள் ஆளுயரம் கிடந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூடிய ஜீப் அந்தப் பக்கம் நின்றது.

சீடர்கள் ஒரு கட்டு முள்ளை இழுத்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு கட்டு விழுந்தது.

"எடுங்கய்யா, ஆளு சாகறாரு!"

"தகரம் நிக்கலையே. நாங்க என்ன பண்ண?"

அப்படிச் சொன்னவர் செங்கோடனின் சொந்த மச்சான். கண்ணில் நீர் வழிய வழிய முள்ளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மயிலாத்தா முள்ளை ஒருமுறை பார்த்தாள். செங்கோடனின் நீலம் பாரித்த உதட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி, வடக்கே சோளக்காட்டுக்குள் நடந்தாள்.

விட்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்தார் செங்கோடன். கூப்பிட வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அவ்வளவு பயத்தை அவர் அதற்கு முன் அறிந்ததில்லை.

தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு வடக்கில் சத்தம் அமுங்கியது.

சோளத்துக்கு மேலே பரண் தெரிந்தது. மயிலாத்தா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தகரத்தின் மேல் வைத்திருந்தாள். காவல்காரன் ஓங்கிய கட்டையோடு நின்றான்.

இரண்டாவது பரண் நின்றது. மூன்றாவது நின்றது. ஏழும் அடங்கியதும் மச்சான் கையிலிருந்த முள்ளைக் கீழே போட்டார். அடைத்தவர்களே தடத்தைத் திறந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செங்கோடனுக்குப் பேச வந்தது. கட்டிலோரம் மயிலாத்தா உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்களில் கட்டுப் போட்டிருந்தது.

"பலமான அடிங்களா?"

"ரெண்டே அடிதானுங்க. பரண்காரனுக்கும் பயம்."

"எதைப் பாத்துட்டுத் தகரம் அடிச்சானாம்?"

"செம்மறி ஆடு கெளப்புன புழுதி."

ஒரு கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

"ஆத்தா, நீங்க தகரத்தைப் பொத்திட்டு இருந்தப்ப நெசமாவே யானை வந்திருந்தா?"

"வந்துதுங்க."

செங்கோடன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க ஜீப்புல போயி அரை மணி நேரம் இருக்கும். என்ற கை அப்பவும் தகரத்து மேலதான் இருந்துச்சு. தெக்குப் பரண்காரன் கண்ணால பாத்தான், அடிச்சான். நாலு பேரு தீப்பந்தங் காட்டுனாங்க. அது வந்த வழியே திரும்பிப் போயிருச்சு."

"தடத்துல முள்ளுப் போட்டாங்களா?"

"இல்லீங்க. அதுக்குத் தேவையே வரலீங்க."

டவுன் டாக்டர் சொன்ன அந்த ஊசியோடு நர்ஸ் வந்து நின்றாள். "ஐயா, என்ன முடிவு பண்ணுனீங்க?"

செங்கோடனுக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் சட்டைக் கையை மேலே சுருட்டினார்.