பேர் சொன்ன கோழி

அந்தக் காலத்தில், மனிதரும் விலங்கும் பறவையும் ஒரே பேச்சுப் பேசி வந்தபோது, கோழிக்கு நடந்த அநியாயங்கள் இவை. முதலில் கீரி வந்து முட்டைகளைக் குடித்தது. அடுத்து பாம்பு வந்து கூட்டிலேயே குடியேறியது. அதன்பிறகு, நியாயம் கேட்கப் போன கோழியை, காவலில்லாத இடத்தில் முட்டையிட்டது உன் குற்றம் என்று சொல்லிக் காட்டுப் பஞ்சாயத்து திருப்பி அனுப்பியது.

கோழி காட்டை விட்டு ஊருக்கு வந்தது. பூவாயி என்ற பெண் அதைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டாள். அதுவரை எந்த வீட்டிலும் கோழி வளர்ந்ததில்லை. பழைய கூடையில் வைக்கோல் பரப்பி, இடியில் கரு கலங்கக் கூடாதென்று ஒரு கரித்துண்டும் போட்டு அவள் அடை வைத்தாள். குஞ்சுகள் பொரிந்ததும் நொய்யரிசி இறைத்தாள். நெல் காயும் பக்கம் மட்டும் வராதே, மற்றபடி முற்றம் உன்னுடையது என்றாள்.

அந்த ஊருக்கு ஒரு காவல் இருந்தது. பாம்பையும் எலியையும் பிடிப்பதற்காக ஊராரே பனையுச்சியில் அமர்த்திய காவல். நாளடைவில் காவல் எசமானாகிவிட்டது. அதன் பேரை யாரும் சொல்லக்கூடாது, பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் நிழல் விழுந்தால் சிறிய உயிர்கள் மறைவிலிருந்து வெளியே வந்து தலை குனிந்து நிற்க வேண்டும். பயத்துக்கு மரியாதை என்று பேர் வைக்கும் வழக்கம் அப்போதே இருந்தது.

இங்கிருந்தும் துரத்திவிடுவார்களோ என்று அஞ்சிய கோழி, ஊர் வழக்கத்தைக் குஞ்சுகளுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது. நிழல் விழுந்த அன்று, "பெரியவர் வருகிறார்" என்றது. குஞ்சுகள் தாயின் இறக்கைக்குள்ளிருந்து வந்து வரிசையாகக் குனிந்து நின்றன. நிமிர்ந்தபோது வரிசையில் ஒன்று இல்லை. மறுநாளும் அப்படியே. கடைசியில் ஒற்றைக் குஞ்சுதான் மிஞ்சியது.

பூவாயி முறையிட்டாள். பனைக்குக் கேட்டுவிடுமே என்று ஊரார் அவள் முற்றத்திலேயே கூடித் தாழ்ந்த குரலில் பேசினார்கள். யாரோ எடுக்கிறார்கள் என்றது காகம். காற்று தூக்கியிருக்கும் என்றது ஆடு. உனக்கு வால் முளைத்தபோதே புத்தி முளைத்திருக்கலாம் என்று காகம் அதைக் குத்தியது. ஊர்த்தலைவன் மாசாணன், குஞ்சென்றால் நாலு போகத்தான் செய்யும் என்று கொட்டாவி விட்டான்.

"யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் பூவாயி.

"தெரியும் தாயி. பேரைத்தான் சொல்லக்கூடாது" என்றான் அவன்.

அப்போது நிழல் விழுந்தது. பழகிப்போன கடைசிக் குஞ்சு தானாகவே முற்றத்தின் நடுவில் வந்து தலை குனிந்தது. கோழி வாய் திறந்தது. மரியாதைச் சொல் வரவில்லை. அடைமொழி எதுவுமில்லாமல், மொட்டையாக, அந்தப் பேரைக் கத்தியது. அப்படியொரு குரலைக் கேட்டறியாத குஞ்சு மிரண்டு ஓடிக் கூடைக்கடியில் ஒளிந்தது. இறங்கிய நகங்கள் குஞ்சை விட்டுத் தாயின் தொண்டையைக் கீறிவிட்டுப் போயின. கூடியிருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கல்லெடுக்கவில்லை.

அன்று முதல்தான் கோழிக்கு நம் பேச்சு இல்லாமல் போனது. வானத்தில் அந்த நிழல் தெரியும்போது மட்டும், கீறல் விழுந்த தொண்டையால், முற்றத்தில் நிற்கிற அத்தனை பேரையும் சாட்சி வைத்து அது ஒரு பேரைக் கத்துகிறது. குஞ்சுகளுக்குப் புரிந்துவிடுகிறது. நமக்கும் தெரியும் அது யார் பேரென்று: பருந்து.