கல்லில் போடாத காசு

நாட்டுக்குக் காசு அடித்துக் கொடுக்கும் அக்கசாலைக்கு வெண்காடர்தான் தலைவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய குருவான மடத்துத் தம்பிரானுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதானே? அன்று காலை மடத்துக்குள் நுழைந்ததும் வெண்காடர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, மடியிலிருந்து ஓர் இரும்பு அச்சை எடுத்துக் குருவின் முன் வைத்தார். காசில் முத்திரை குத்தும் அச்சு அது.

'இறைவன் துணை' என்று அதில் வெட்டியிருந்தது.

போன போரில் தோற்றதிலிருந்து நம் காசைக் கண்டாலே வியாபாரிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள், அதனால் இனி ஒவ்வொரு காசிலும் இந்த வாசகம் இருக்கவேண்டும் என்று ராஜா முடிவு செய்துவிட்டார் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. தொண்டையைக் கனைத்து, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, ராஜா பேசியதை அப்படியே பேசிக் காட்டினார்.

"சிவன் என்றும் போடவில்லை, பெருமாள் என்றும் போடவில்லை. பொதுவாகப் போட்டிருக்கிறோம். இதில் யாருக்கு ஐயா குறை?"

ராஜா நடுவில் மூக்கை உறிஞ்சுவாரே, அதை விட்டுவிட்டீரே என்றார் தம்பிரான்.

வெண்காடர் சிரிக்கவில்லை. மடத்தின் ஆசி இல்லாமல் இந்தக் காசு வெளியே வரக்கூடாது என்பது உத்தரவு. ஆசியோடு போகாவிட்டால் அக்கசாலைச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான்.

"கடவுள் பெயரைக் காசில் போடுவதில் என்ன தவறு, ஐயா? பதில் வாங்காமல் நான் எழுந்திருப்பதாக இல்லை."

சொன்னபடியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உம்மிடம் ஈயம் இருக்கிறதா?" என்று கேட்டார் தம்பிரான்.

ஈயத்தில் இரண்டு காசு அடித்து வெள்ளிப் பூச்சுப் பூச வேண்டும். ஒன்றில் வழக்கமான ஏர் முத்திரை மட்டும். மற்றதில் இந்த வாசகமும். இரண்டையும் சந்தையில் கொண்டுபோய்ச் செலவு செய்ய வேண்டும். குரு சொல்லி முடிப்பதற்குள் வெண்காடர் குறுக்கிட்டார். கள்ளக்காசு அடித்தால் வலது கையை வெட்டுவார்கள், வெட்டச் சொல்லி ஓலையில் கையெழுத்துப் போடுகிறவனே நான்தான் என்று முறையிட்டார்.

"அப்படியென்றால் கவலை விட்டது. கையெழுத்துப் போடாமல் இரும்."

மறுநாள் வெண்காடர் முண்டாசைப் புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்.

அந்தச் சந்தையில் கடைக்கு ஒரு கருங்கல் உண்டு. காசை அதன்மேல் போட்டுச் சத்தம் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. பெற்ற பிள்ளை நீட்டினாலும் அதே கதைதான். வெள்ளி என்றால் ணங்கென்று பாடும். வேறு எதுவாவது என்றால் காட்டிக்கொடுத்துவிடும். அதில் யாரும் கோபித்துக்கொள்வதும் கிடையாது.

வெல்லக்கடை ஆபத்துக்காத்தானிடம் ஏர் முத்திரைக் காசை நீட்டினார். கல்லில் விழுந்தது. தொப்.

"அண்ணாச்சி, இதைக் கொண்டுபோய் மீன்வலையில கட்டுங்க. நல்லா முங்கும்" என்று சொல்லிக் காசைத் திருப்பித் தந்தார் கடைக்காரர்.

வெண்காடர் அசடு வழிந்துகொண்டே மற்றதை நீட்டினார். ஆபத்துக்காத்தான் கல்லில் போடக் கையை ஓங்கினார். ஓங்கியவர் எழுத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது. காசை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார். கேட்காமலே ஓர் அச்சு வெல்லம் கூடவும் வைத்தார்.

வெண்காடருக்கு ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. ராஜாவின் யோசனை பலித்துவிட்டதே. அது ஈயம் என்பது அடுத்த கணம்தான் உறைத்தது.

திருப்பி வாங்க வாய் திறப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ஆபத்துக்காத்தான் பாசிப்பயறு வாங்கப் பக்கத்துக் கடைக்கு நடந்து, அதே காசைச் சாந்தமதியிடம் கொடுத்துவிட்டார். சாந்தமதி சமணப் பெண். உலகத்தைப் படைத்த இறைவன் என்று ஒருவர் அவர்கள் வழக்கத்தில் இல்லை. அவள் காசை வாங்கினாள், எழுத்தைப் படித்தாள், எப்போதும்போலக் கல்லுக்கு நேரே கையைத் தூக்கினாள்.

ஆபத்துக்காத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நேற்றும் உங்கள் காசைக் கல்லில் போட்டுத்தானே வாங்கினேன் என்றாள் அவள்.

"நேத்து அதுல சாமி இல்ல."

கூட்டம் சேர்ந்துவிட்டது. சாமியையா சந்தேகப்படுகிறாய் என்று ஒரு குரல். இவர்களுக்கு எங்கே நம் சாமி தெரியும் என்று இன்னொன்று. யாரோ காலால் எத்த, பயற்றுக் கூடை கவிழ்ந்து பச்சைப் பசேலென்று மண்ணில் கொட்டியது. கண்ணில் ஒற்று, ஒற்றிவிட்டு வாங்கு என்று கூட்டம் நெருங்கியது.

சாந்தமதி ஓர் அடி பின்வாங்கினாள். காசை மட்டும் விடவில்லை.

"போட்டுப் பாக்காம வாங்க மாட்டேன்."

பின்னாலிருந்து ஒருவன் அவள் தலைமுடியைப் பிடிக்கக் கை நீட்டினான். வெண்காடர் முண்டாசைப் பிடுங்கி எறிந்தார். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய், அவள் கையிலிருந்த காசை எடுத்துக் கல்லில் போட்டார்.

தொப்.

"ஈயம். அடித்தவன் நான். அக்கசாலை வெண்காடன்."

ஆபத்துக்காத்தான் கண்ணில் ஒற்றிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். வெண்காடர் மண்டியிட்டுப் பயற்றை அள்ளிக் கூடையில் போட்டார். வெல்லத்துக்கும் கொட்டிய பயற்றுக்கும் நல்ல வெள்ளி கொடுத்தார். சாந்தமதி அதையும் கல்லில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினாள்.

மடத்துக்கு வந்தவர் அன்று விழுந்து கும்பிடவில்லை. நின்றபடியே கேட்டார்.

"ஒரு பெண்ணை அடித்துப் போட்டிருப்பார்கள், ஐயா. தெரிந்துதான் அனுப்பினீர்களா?"

"கடைக்காரர் ஏமாறுவார் என்று தெரியும். அவளை நினைக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. பெயர் போட்டு நான் அனுப்பியது ஒரு காசு. நாளை முதல் நீர் எத்தனை அனுப்பப் போகிறீர்?"

"நாங்கள் அடிப்பது சுத்த வெள்ளி."

"நீர் இருக்கும்வரை."

வெண்காடர் மடியிலிருந்த அச்சை எடுத்து, மடத்துக் கொல்லையில் விறகு பிளக்கும் கட்டைமேல் வைத்து, எழுத்து மழுங்கும்வரை சம்மட்டியால் அடித்தார். இடுப்பிலிருந்த அக்கசாலைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அரண்மனைக்குத்தான் போகிறேன். இது வேண்டாம் என்று சபையில் சொல்லப் போகிறேன். சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். ஆனால் ராஜா ஒன்று கேட்பார், ஐயா. மூன்று வேளையும் கடவுள் பெயரைச் சொல்லுகிற தம்பிரானா அந்தப் பெயரை வேண்டாம் என்கிறார் என்று கேட்பார். என்ன சொல்லட்டும்?"

"ஆமாம் என்று சொல்லும். அந்தப் பெயரைப் பார்த்திருந்தால் நானும் கல்லில் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லும்."