கிளி டீச்சர் போட்ட நிபந்தனை

ஒரு காட்டுப் பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறையிலும் மணி அடித்தது, குழந்தைகளே. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மாணவர்கள் இல்லை, ஆசிரியர்கள்! அவர்களுக்குத்தான் பயிற்சி முகாம்.

புதிதாக ஒரு சரித்திரப் பாடம் வந்திருந்தது. பஞ்ச காலத்தில் யானைகள் குளத்தை அடைத்துக்கொண்டு மான்களை விரட்டிய கதை அது. யானைக் குட்டியும் மான் குட்டியும் ஒன்றாகப் படிக்கும் வகுப்பில் இதை எப்படி நடத்துவது?

"ரொம்பச் சுலபம்," என்றார் கரடி சார், வாய் நிறைய வடையோடு. "பரீட்சையில் வராது என்று சொல்லிப் பக்கத்தைத் தள்ளிவிடலாம்."

"தள்ளுவதா? நாங்கள் பட்ட பாடு அது!" என்று துள்ளி எழுந்தார் மான் டீச்சர்.

"வெறும் கட்டுக்கதை!" என்று பிளிறினார் யானை சார். கரும்பலகையே ஆடிப்போயிற்று.

பேச்சு முற்றியது. மான்களுக்கு ஒரு பள்ளி, யானைகளுக்கு ஒரு பள்ளி என்று பிரித்துவிடலாம் என இருவரும் கத்தினார்கள். முகாமை நடத்திய கிளி டீச்சருக்குப் பகீர் என்றது. சேர்ந்து விளையாடும் குட்டிகள் என்ன பாவம் செய்தன?

"தாராளமாகப் பிரிக்கலாம்," என்றார் அவர். "ஒரே ஒரு நிபந்தனை. மற்றவர் சொன்னதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்."

"பூ, இவ்வளவுதானா!" என்றார் யானை சார். "யானைகள் எல்லோரும் கொடியவர்கள் என்கிறார் மான் டீச்சர்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை! என் அக்கா குளத்தங்கரையில் தாகத்தோடு செத்தாள். அதைத்தான் சொல்கிறேன்."

யானை சாரின் காதுகள் அசையாமல் நின்றன. "உங்கள் அக்கா குளத்தங்கரையில் தாகத்தோடு செத்தாள். நாங்கள் வழி விடவில்லை."

"கடைசியில் சொன்னதை நான் சொல்லவில்லையே," என்றார் மான் டீச்சர் மெதுவாக.

"அது நான் சொல்வது, டீச்சர். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. எங்கள் குட்டிகளுக்குப் போதாது என்று பயந்துவிட்டோம். ஆனாலும் வழி விட்டிருக்க வேண்டும்."

மான் டீச்சர் அதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். பள்ளியைப் பிரிக்கும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

பள்ளி திறந்ததும் இருவரும் சேர்ந்தே அந்தப் பாடத்தை நடத்தினார்கள். யானைக் குட்டிக்குக் கண் கலங்கியது. "அப்படியானால் நான் கெட்டவனா, சார்?"

சார் பதில் சொல்வதற்குள் மான் குட்டி முந்திக்கொண்டது. "நீ அப்போது பிறக்கவே இல்லையே! மணி அடித்ததும் வா, குளத்துக்குப் போகலாம்."

நீதி: கசப்பான உண்மையை மறைக்காதே, பதில் சொல்லும் முன் எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேள்.