ஆல்ட்டும் இரண்டும்

பிரிசில்லாவுக்கு வயது இருபத்தாறு. அவளிடம் பாடம் கேட்ட நயினாருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. கோட்டை கட்டிப் படை நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டில் அவளை அடித்துக்கொள்ளத் தூத்துக்குடியில் ஆள் கிடையாது. அதனால் அவர் அவளை மிஸ் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யாருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

அன்று சாயங்காலம் அரையிறுதி. தோற்றால் நயினார் ஆடும் அணி மூட்டை கட்ட வேண்டியதுதான். மதியமே நயினார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பயிற்சி அறைக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"மிஸ், நான் விலகிக்கிடுதேன். எனக்குப் பதிலா வேற யாரையாவது போடுங்க."

"என்னாச்சு?"

"கீபோர்டு என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு. சண்டை முத்துற நேரம் பாத்துச் செத்துப்போகுது. ஏ அமுக்கினா படை பாயணும், பாய மாட்டேங்கு. எஸ் அமுக்கினா நிக்கணும், நிக்க மாட்டேங்கு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி தானா சரியாயிருது."

"என்னெல்லாம் செஞ்சு பாத்தீங்க?"

மனிதர் என்னதான் செய்யவில்லை? புதுக் கீபோர்டு வாங்கிச் செருகினார். விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். ஷார்ட்கட் அத்தனையையும் பழைய நிலைக்குத் திருப்பினார். எல்லாவற்றையும் சொன்னார். லேப்டாப்புக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டதை மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது.

"ரூபன்தான் என் செட்டிங்ஸை மாத்திவிடுதான்னு நெனச்சேன் மிஸ். எல்லாரும் இருக்கும்போது, கூட இருந்தே குழி பறிக்கியேலேன்னு கேட்டுட்டேன்."

ரூபன் அதே அணிக்காரன். நயினாரை இந்த விளையாட்டுக்குக் கூட்டிவந்தவனே அவன்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவன் பயிற்சி அறைக்கு வருவதில்லை. வீட்டில் இருந்தபடியே அணிக்கு ஆடினான். நயினாரோடு ஒரு வார்த்தை இல்லை.

"அவன் உங்க லேப்டாப்பைத் தொட்டானா?"

"ஒரு நாள் தொட்டான். சத்தம் வரலைன்னேன், சரிபண்ணிக் குடுத்தான்."

பிரிசில்லா லேப்டாப்பைத் திறந்தாள். விளையாட்டைத் திறக்கப்போகிறாள் என்று நயினார் எட்டிப் பார்த்தார். அவள் வெறும் நோட்பேடைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

"ஆடுங்க."

"இதுலயா?"

"இதுலதான்."

"இதுல படையே இல்லையே மிஸ்."

"விரல் இருக்குல்லா. வடக்கு வாசலை உடைச்சிட்டு உள்ள வாரான். என்ன செய்வீங்க?"

வெள்ளைத் தாளில் போராம். இந்தப் பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நயினாருக்குத் தோன்றியது. ஆனாலும் கை பழகிய கை. ஏ, ஏ, எஸ் என்று தட்டினார். ஆங்கில எழுத்துகள் ஒழுங்காக வந்து விழுந்தன.

"வில்லாளி மட்டும் பத்தாது. குதிரைப்படைக்குப் போங்க."

ஆல்ட்டையும் இரண்டையும் சேர்த்து அமுக்கினார். குதிரைப்படை நிற்கும் இடத்துக்குத் திரை தாவுவதற்கு விளையாட்டில் அதுதான் ஷார்ட்கட்.

"பாய விடுங்க."

ஏ, ஏ, எஸ்.

திரையில் 'அ' விழுந்தது. இன்னொரு 'அ'. அப்புறம் ஒரு 'இ'.

நயினார் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் டைப் அடிப்பது அவருடைய பிழைப்பு. லேப்டாப் வாங்கிய அன்றே தமிழ் டைப்பிங் மென்பொருளைப் போட்டு, மெஷின் எழுந்ததும் அதுவும் தானாக எழும்படி வைத்தவர் அவரேதான். ஆல்ட்டையும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால் தமிழ் வரும்; ஏ 'அ' ஆகும், எஸ் 'இ' ஆகும். மறுபடி அமுக்கினால் ஆங்கிலத்துக்குப் போகும். கடையில் நாள் முழுக்க அதைத்தான் அமுக்குகிறார். அமுக்குகிறோம் என்ற நினைப்பே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

குதிரைப்படையைக் கூப்பிட்டபோதெல்லாம் தமிழும் கூடவே எழுந்து வந்திருக்கிறது.

முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நானேதானா மிஸ்?"

"கீபோர்டு உங்க பேச்சைக் கேக்காம இல்ல, அண்ணாச்சி. முன்னாடி நீங்க சொன்னதை இன்னும் கேட்டுக்கிட்டிருக்கு."

"அப்போ தமிழைத் தூக்கிரவா?"

"சோறு போடுறதை ஏன் தூக்கணும்? ஆடும்போது மட்டும் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்க."

மென்பொருளை மூடினார். சாயங்காலம் அரையிறுதியில் குதிரைப்படை சொன்ன இடத்துக்குப் போனது, சொன்ன இடத்தில் நின்றது. ஒரு கட்டத்தில் நயினாருடைய வடக்கு வாசல் நிஜமாகவே உடைந்தது. அவர் உதவி கேட்கவில்லை. கேட்க வாய் ஏது? ஆனால் ரூபனின் வில்லாளிகள் அவன் கோட்டையை விட்டு ஓடிவந்து அந்த வாசலில் நின்றார்கள். சாட்டில் மட்டும் அவன் எதுவும் எழுதவில்லை.

அணி ஜெயித்தது. மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார்கள். நயினார் எழுந்திருக்கவில்லை. சாட்டில் ரூபனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஆங்கிலத்தில் சாரி என்று அடித்தார். பார்த்தார். அழித்தார். மறுபடி அடித்து, மறுபடி அழித்தார்.

"மிஸ், ரூபன்கிட்ட எப்படிச் சொல்ல? எத்தனை தடவை அடிச்சாலும் வேற யாரோ சொல்லுத மாதிரி இருக்கு."

பிரிசில்லா குனிந்து, மூடிவைத்த மென்பொருளைத் திறந்துவிட்டாள். லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்போ அமுக்குங்க அண்ணாச்சி, ஆல்ட்டையும் ரெண்டையும்."