இரண்டு நக அகல முன்னேற்றம்

மலைக்காட்டில் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக வாழ்ந்தன. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய்விடும். வாசலை மண்ணால் அடைத்துவிடுவார்கள். அலகு நீட்ட ஒரு சின்ன இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பறவை அதன் வழியாகப் பழம் ஊட்டும். உள்ளே அவளுக்குச் சிறகும் உதிர்ந்துவிடும். ஆனால் எந்த மரம் என்று முடிவு செய்வது ஆண்களின் கூட்டம்! என்ன நியாயமோ!

அந்த வருஷம் மாதுளி என்பவளுக்கு ஒரு குங்கிலிய மரத்தை ஒதுக்கினார்கள். அவள் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பதறிப்போய்க் கூட்டத்துக்குப் பறந்து வந்தாள்.

“ஐயா, அந்த மரத்தை உள்ளே கரையான் தின்னுடுச்சு! குத்தினா அலகு முழுசா இறங்குது. பெருங்காத்து அடிச்சா விழுந்துடும்!”

தலைவர் கொண்டையன் சிரித்தார். “இலையெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கே! போன வருஷம் இடுக்கு ஒரு நக அகலம். இந்த வருஷம் இரண்டு நகம்! பெண்களுக்கு இவ்வளவு செஞ்சது எந்தக் காட்டிலே உண்டு?”

“நான் இடுக்கைக் கேட்கலையே ஐயா! மரத்தைச் சொல்றேன்!”

“மரத்தைப் பத்திப் பேச அடுத்த வருஷம் பெண்களையும் கூப்பிடலாம்னு இருக்கோம். அவசரப்படாதே!”

மாதுளியின் கணவன் சடையனும் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டினான். வேறு பொந்து தர யாருமில்லை. வயிற்றில் முட்டை கனத்தது. அழுதுகொண்டே அவள் உள்ளே போனாள்.

குஞ்சு பொரித்தது. சில நாளில் பெருங்காற்று கிளம்பியது. மரம் அடியில் நெறுநெறுவென்று முறிய ஆரம்பித்தது.

“ஏங்க! சுவரை உடைங்க! பறக்க முடியாட்டியும் பிள்ளையைக் கவ்விக்கிட்டுப் பக்கத்துக் கிளைக்குத் தாவிடுவேன்!” என்று மாதுளி அலறினாள்.

நாலு கொத்து கொத்தினால் போதும், சுவர் உடைந்திருக்கும். சடையனோ, “கூட்டத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்!” என்று பறந்துவிட்டான். பாவி!

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒருமனதாக முடிவெடுத்தார்கள்.

சடையன் தூரத்திலிருந்தே கத்தினான். “மாதுளி! நல்ல சேதி! இடுக்கை மூணு நகமா ஆக்கச் சொல்லிட்டாங்க!”

கிட்டே வந்து பார்த்தான். குங்கிலிய மரம் தரையில் கிடந்தது. பொந்து இருந்த பக்கம் நசுங்கி மண்ணில் புதைந்திருந்தது. அலகு உடையும்வரை அவன் தோண்டினான். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

குடியிருக்கப் போகிறவளின் பேச்சைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டு, அவளுக்குக் கிள்ளிக் கொடுக்கும் சலுகையை முன்னேற்றம் என்று கொண்டாடும் கூட்டம், தன் வம்சத்தைத் தானே புதைத்துக்கொள்ளும்.